அஞ்சு லட்சம் கார்டா, தெருக்கோடி ஆஸ்பத்திரியா?

தேர்தல் அறிக்கையில் மருத்துவம் என்ற தலைப்பைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது ஒரு தொகை. காப்பீடு இத்தனை லட்சமாக உயர்த்தப்படும் என்று இருக்கும். ராஜஸ்தானில் 2021ல் 5 லட்சத்தில் தொடங்கிய சிரஞ்சீவி திட்டம் 2023ல் 25 லட்சத்தில் வந்து நின்றது. லட்சக் கணக்கு போஸ்டரில் நன்றாகத் தெரியும். 'துணை சுகாதார நிலையத்துக்கு இன்னொரு செவிலியர்' என்று போஸ்டர் அடித்தால் யார் நின்று படிப்பார்கள்?

ஒரு மாநில அரசின் கையில் மருத்துவத்துக்கென்று புதிதாக நூறு ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதில் போடுவது? காப்பீட்டுத் தொகையை உயர்த்தலாம். அரசே நடத்தும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் பொது சுகாதாரத் துறையையும் பலப்படுத்தலாம். இல்லை, தாய்லாந்து செய்ததுபோல ஒரு ஊரின் மொத்த மக்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரியிடம் முன்பணம் கொடுத்து, அவர்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். மூன்றுமே 'அனைவருக்கும் மருத்துவம்' என்ற பெயரில்தான் பேசப்படுகின்றன. சாதாரண நாளில் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் அவ்வளவாக வெளியே தெரியாது. தொற்று பரவும் நாளில் தெரியும். அதனால் இங்கே மூன்றையும் தொற்றை வைத்து மட்டுமே எடைபோடப் போகிறேன். களம் தமிழ்நாடு. காப்பீடு, அரசு ஆஸ்பத்திரி இரண்டும் இங்கே பல வருடமாக ஓடிக்கொண்டிருப்பதால் ஊகத்துக்கு வேலை குறைவு.

எடைபோட ஒரு ஆள் வேண்டும். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் ஒருவர், காய்ச்சல் வந்து மூன்றாவது நாள். முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. இப்போது அவர் எங்கே போவார், அங்கே கையிலிருந்து எவ்வளவு கொடுப்பார், அவருக்கு வந்தது என்ன காய்ச்சல் என்பது யார் காதுக்கு எத்தனை நாளில் போகும்? அவர் ஒருவரின் உயிரோடு அந்தத் தெருவின் பாதுகாப்பும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. மூன்று வழிகளையும் இவரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம்.

கார்டு என்ன செய்யும்

தமிழ்நாட்டில் காப்பீட்டு வழி 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது அதோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்று ஆயிற்று. ஆட்சி மாறியும் திட்டம் நிற்கவில்லை. அதிலேயே அதன் செல்வாக்கு தெரிகிறது.

இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பைபாஸ் ஆபரேஷன், டயாலிசிஸ், பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு காக்ளியர் கருவி என்று, நிலத்தை விற்றால்தான் முடியும் என்றிருந்த வைத்தியம் பல குடும்பங்களுக்குக் கைக்கெட்டியது இந்தக் கார்டால்தான்.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர வேண்டும். செய்யப்போகும் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி முன் அனுமதி கேட்டு அனுப்ப வேண்டும், அனுமதி வர வேண்டும், அப்புறம் பேக்கேஜ் தொகை, அதாவது அந்தச் சிகிச்சைக்கென்று முன்பே குறித்துவைத்த தொகை. நம் ஆள் இதில் எங்கே இருக்கிறார்? மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாமே புறநோயாளிச் செலவு. கார்டு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அவருக்கு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் ஏற்றி, வார்டில் சேர்த்த பிறகுதான் அந்த 5 லட்சம் கண் விழிக்கும். அதற்குள் அவர் எத்தனை பேருடன் டீக்கடையில் நின்றிருப்பார், எத்தனை பேருடன் ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போயிருப்பார்? தொகையை 10 லட்சமாக்கினாலும் 25 லட்சமாக்கினாலும் அந்த மூன்று நாள் மாறப்போவதில்லை.

கார்டு யாரிடம் இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். ரேஷன் கார்டு வேண்டும், வருமானச் சான்று வேண்டும், கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போய் போட்டோ எடுத்து விரல்ரேகை வைக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளி என்றால் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருப்பதற்குச் சான்று வேண்டும். நேற்று ரயிலிறங்கியவருக்குக் கிடையாது. கிருமி சான்றிதழ் கேட்பதில்லை. 2020 ஏப்ரலில் சிங்கப்பூர் படாதபாடு பட்டதும் இப்படிக் கணக்குக்கு வெளியே இருந்தவர்களால்தான். நம்மூர் ஆட்களும் வங்கதேசத்தவரும் நெருக்கியடித்துத் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிகளில் தொற்று வெடித்தது. பிறகு அந்த அரசு அவர்களுக்குப் பரிசோதனையையும் சிகிச்சையையும் இலவசமாகவே கொடுத்தது. கொடுத்தே ஆகவேண்டிய நிலை.

கொரோனா காலத்தில் நம் காப்பீடு என்ன ஆனது? 2020 ஏப்ரலில் ஆயுஷ்மான் பாரத் பயனாளிகளுக்கு கொரோனா பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் ஊரடங்கின் முதல் வாரங்களில் நாடு முழுவதும் அந்தத் திட்டத்தின் கோரிக்கைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பல தனியார் ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தியிருந்தன, மக்களாலும் வெளியே வர முடியவில்லை. பணம் தருகிறேன் என்று சொல்வது ஒன்று, தருகிற பணத்துக்குப் படுக்கை இருப்பது இன்னொன்று. 2020 ஜூனில் தமிழக அரசு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டண வரம்பு போட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய். தொற்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து விலை பேசினால் யார் பக்கம் பலம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2021 மே மாதம் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்கு நின்ற வரிசை பலருக்கு நினைவிருக்கும். வெயிலில், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தனியார் ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்தவர்களின் சொந்தக்காரர்கள் நின்றார்கள். பிறகு அதை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அதுவும் சரிவராமல் மருந்தை நேராக ஆஸ்பத்திரிகளுக்கே அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் கையில் காசில்லாதவர்கள் நிற்கவில்லை. காசு இருந்தும் நின்றவர்கள்தான் அத்தனை பேரும்.

கொரியாவில் எல்லோருக்கும் கார்டு இருந்தது

"எல்லோருக்கும் கார்டு கொடுத்து, புறநோயாளிச் செலவையும் சேர்த்துவிட்டால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை முழுசாகச் செய்து பார்த்த நாடு தென்கொரியா. 1989ல் இருந்து நாட்டில் அத்தனை பேருக்கும் மருத்துவக் காப்பீடு. சின்னக் கிளினிக்கில் காட்டினாலும் செல்லும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் செல்லும், எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆஸ்பத்திரிகளில் ஆகப் பெரும்பாலானவை தனியாருடையவை.

2015 மே மாதம், மத்திய கிழக்குப் பயணம் முடித்துத் திரும்பிய 68 வயதுக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல். ஒரு கிளினிக், அடுத்து ஒரு ஆஸ்பத்திரி, பிறகு இன்னொன்று என்று ஏறி இறங்கினார். எல்லாமே காப்பீட்டுக்குள் வந்தவை, யாரும் தடுக்கவில்லை. மே 20ஆம் தேதி அது கொரோனா வகையைச் சேர்ந்த மெர்ஸ் என்ற தொற்று என்று உறுதியானபோது, அவர் போன இடமெல்லாம் கிருமியும் போயிருந்தது. நெரிசலான வார்டு, கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இல்லை, பக்கத்திலேயே படுத்து உறங்கி நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்தார். இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. அவரிடமிருந்து தொற்றிய இன்னொருவர் சியோலின் பெயர்பெற்ற சாம்சங் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மூன்று நாள் இருந்தார். அவர் ஒருவரிடமிருந்து 80க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. எந்தெந்த ஆஸ்பத்திரிகளில் தொற்று இருக்கிறது என்று அரசு ஜூன் 7 வரை வெளியே சொல்லவில்லை. கடைசியில் 186 பேருக்கு நோய், 38 பேர் சாவு.

இத்தனைக்கும் பணத்தடை எதுவும் கிடையாது. யாரை எங்கே அனுப்புவது, யார் யாரைத் தொட்டார்கள் என்று தேடுவது, ஆஸ்பத்திரிக்குள் கிருமி பரவாமல் பார்ப்பது, ஊருக்கு உண்மையைச் சொல்வது, இதற்கெல்லாம் காப்பீட்டில் பேக்கேஜ் இல்லை. கொரியா அதற்கப்புறம் சட்டத்தைத் திருத்தியது, நோய்த்தடுப்பு நிறுவனத்தின் தலைவர் பதவியை உயர்த்தியது, தொடர்பு தேடும் ஏற்பாட்டைப் புதிதாகக் கட்டியது. 2020ல் உலகம் பாராட்டியது இந்த இரண்டாவது கொரியாவைத்தான். அப்போதும் தேகு நகரத்தில் படுக்கைக்குக் காத்திருந்தபடியே வீட்டில் இறந்தவர்கள் உண்டு. மார்ச் தொடக்கத்தில் விடுதிகளை எடுத்து லேசான நோயாளிகளை அங்கே வைத்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

தெருக்கோடி ஆஸ்பத்திரி

இரண்டாவது வழிக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வேர் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் பொது சுகாதாரச் சட்டம் 1939ல் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுவே முதல். அதைவிட முக்கியம், நோய்க்கு வைத்தியம் பார்க்கும் துறையும் நோய் வராமல் தடுக்கும் துறையும் இங்கே தனித்தனி இயக்குநரகங்களாக இருப்பது. பல மாநிலங்களில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கும். அங்கே ஆபரேஷன் தியேட்டர் கேட்கும் குரலுக்கு முன்னால் குளோரின் கேட்கும் குரல் எடுபடாது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் அடைந்து கிடந்தும் காலரா மாதிரி பெரிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. குளோரின் போட்ட தண்ணீர், கழிவறை, ஈ ஒழிப்பு என்று அந்தத் துறைக்காரர்கள் முதல் நாளிலிருந்தே இறங்கியதால் நடந்தது அது. கிளம்பாத நோய்க்கு யார் மாலை போடுவார்கள்?

நம் சுமைதூக்குபவரைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிப் பார்ப்போம். மாநிலத்தில் கிராமப்புறத்தில் மட்டும் 1,400க்கு மேல் இருக்கின்றன, அவற்றின் கீழே சுமார் 8,700 துணை நிலையங்கள். ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை, ரேஷன் கார்டு கேட்பதில்லை, எந்த ஊர் என்பது தடையில்லை. மாத்திரை அங்கேயே. 1994ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் எழுதிய தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ள விடுகிறது. ஆக அவர் மூன்றாம் நாள் வரை இழுக்காமல் முதல் நாளே வரலாம். வந்தால், அவர் பெயர் காய்ச்சல் பதிவேட்டில் ஏறும். கிராம சுகாதார செவிலியர் தன் பகுதியில் பார்த்த காய்ச்சலை ஒரு படிவத்தில் எழுதுகிறார், டாக்டர் சந்தேகப்படும் நோயை இன்னொன்றில் எழுதுகிறார், லேபில் உறுதியானது மூன்றாவதில் போகிறது. ஒரே தெருவிலிருந்து நாலு காய்ச்சல் வந்தால் மாவட்டத்தில் ஒருவர் கண்ணில் படும். மறுநாள் கொசு ஒழிப்பு ஆட்கள் அந்தத் தெருவில் வீடுவீடாகத் தொட்டி மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, புழு நெளிகிறதா என்று பார்த்து அபேட் மருந்து ஊற்றுவார்கள். காய்ச்சல் வந்தவருக்குக் கொடுத்த பாராசிட்டமாலைவிட இந்த டார்ச் வெளிச்சம்தான் பக்கத்து வீட்டைக் காப்பாற்றுகிறது. எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அதற்குப் பணம் தராது. யாருக்கும் இன்னும் நோயே வரவில்லையே!

2020ல் சென்னையில் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது. தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் "யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கா?" என்று கேட்டார்கள். ஆன்டிஜன் கிட் மலிவு, வேகம் என்று பல மாநிலங்கள் அதற்கு மாறியபோதும் தமிழ்நாடு ஆர்டிபிசிஆர் பரிசோதனையையே பிடித்துக்கொண்டிருந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தொடங்கி மருத்துவக் கல்லூரிகளில் இருந்த அரசு லேப்கள்தான் அதற்கு ஆதாரம். இருந்ததால் பெருக்க முடிந்தது, இல்லாததைப் பெருக்க முடியாது.

சரி, இந்த வழியின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். நான் சொன்ன அழகான படம் கிராமத்துக்குப் பொருந்தும். சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் ஆரம்ப சுகாதார அமைப்பு கிராமத்தளவுக்கு வளரவில்லை. தொற்று முதலில் வருவதோ நகரத்துக்கு. தினக்கூலிக்குப் பகலில் மட்டும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி பாதிதான் உதவும், அங்கே போனால் அன்றைய சம்பளம் போச்சு. 2023 ஜூனில் திறந்த 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்தது என்னைப் பொறுத்தவரை ஒரு புதிய கட்டிடத்தைவிடப் பெரிய சீர்திருத்தம். கொசு ஒழிப்புப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், டெங்கு சீசனுக்குச் சேர்ப்பு, முடிந்ததும் நிறுத்தம். அப்புறம், அரசு ஆஸ்பத்திரியே நோயைப் பரப்பும் இடமாகலாம். 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது 17 பேர் இறந்தார்கள். முதல் நோயாளியிடமிருந்து பலருக்குத் தொற்றியது பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரியின் நெரிசலான நடைபாதையிலும்தான். பேராம்பிராவில் அவரைக் கவனித்த செவிலியர் லினி அந்த நோயிலேயே இறந்தார். வித்தியாசமான மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு மணிப்பால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வைத்தவர்களோ ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்கள். ஆக, தனியாரை விலக்கிவிட்டு அரசு மட்டும் கண்காணிக்கிறேன் என்றால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதாகும்.

இலங்கை இந்த வழியில் நமக்கும் மூத்தது. 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, பிறகு நாடெங்கும் பரவிய குடும்பநல மாது என்ற மருத்துவச்சி, பி.எச்.ஐ. என்று ஊரே அறிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லாம் வரிப்பணத்தில். கார்டு என்ற ஒன்று இல்லாமலே 2016ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. அதே நாட்டில் 2022ல் அரசாங்கம் திவாலானபோது ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்தது, ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. எல்லா முட்டையும் அரசின் கூடையில் இருந்தால் கூடை விழும்போது என்ன ஆகும் என்பதற்கும் அந்தத் தீவுதான் சாட்சி.

தாய்லாந்து

மூன்றாவது வழி கேட்க எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும். 2002ல் நாடு முழுக்க வந்த திட்டம், 30 பாட் திட்டம் என்று பெயர். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட், மிச்சத்தை அரசு வரிப்பணத்திலிருந்து கொடுக்கும். எந்த முறையில் கொடுக்கிறது என்பதில்தான் சூட்சுமம். தன் பகுதியில் பதிவான ஆட்களின் எண்ணிக்கைப்படி ஆஸ்பத்திரிக்கு வருடத்துக்கு ஒரு தொகை போய்விடும். நோயாளி நிறைய வந்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம் என்ற கணக்கு அங்கே புறநோயாளிப் பிரிவில் கிடையாது. காய்ச்சல்காரரை முதல் நாளே பார்த்து அனுப்பினால்தான் ஆஸ்பத்திரிக்கும் நல்லது. மக்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இதில் வருகிறார்கள், மற்றவர்களுக்கு அரசு ஊழியர் திட்டமும் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கின்றன.

நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றும். தாய்லாந்துக்காரர்கள் அதற்கு முன் இருபது முப்பது வருடம் செய்த வேலையைப் பார்க்காமல் விட்டால் அப்படித்தான் தோன்றும். படித்து முடித்த டாக்டர்கள் கட்டாயம் கிராமத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி, மாவட்டம்தோறும் ஆஸ்பத்திரி, கிராமந்தோறும் சுகாதாரத் தன்னார்வலர்கள் என்று அடிப்படையைக் கட்டினார்கள், பிறகுதான் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பணம் போய்ச் சேர அங்கே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. 2020ல் அந்தத் தன்னார்வலர்கள் பத்து லட்சத்துக்கு மேல். பாங்காக்கிலிருந்து ஊர் திரும்பியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தவர்கள் அவர்களே. சீனாவுக்கு வெளியே முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 13ல் தாய்லாந்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார், ஆனாலும் அந்த வருடத்தின் பெரும்பகுதி அங்கே தொற்று அடங்கியே இருந்தது.

2021ல் அது உடைந்த இடம் பாங்காக். குளோங் தோய் குடிசைப் பகுதியில் பரவியபோது படுக்கை இல்லை, தன்னார்வலர் வலை கிராமத்தில் இருந்த அளவுக்கு நகரத்தில் இல்லை. வீட்டிலேயே காத்திருந்து இறந்தவர்கள் இருந்தார்கள். கார்டு ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது. சென்னைக்கும் பாங்காக்குக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்தால் இந்த ஒப்பீட்டில் எனக்கு வேறு எதுவும் இவ்வளவு உறுத்தவில்லை.

தனியாரிடம் சேவை வாங்குவது என்று வரும்போது இங்கிலாந்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் இலவச வைத்தியம், தரமான ஆஸ்பத்திரிகள். தொடர்பு தேடும் வேலையை மட்டும் உள்ளூர் சுகாதார ஊழியர்களை ஓரங்கட்டிவிட்டு கம்பெனிகளின் கால்சென்டர்களிடம் கொடுத்தார்கள். பரிசோதனையும் தொடர்பு தேடலும் சேர்ந்த அந்தத் திட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒதுக்கிய தொகை 3,700 கோடி பவுண்டு. கொடுத்த பணத்துக்குத் தக்க பலன் தெரியவில்லை என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே எழுதியது.

எதிலும் சேராத செலவு

மூன்று வழியிலும் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. நம் ஆளுக்கு வைத்தியம் இலவசமாகவே கிடைத்துவிட்டது, "பதினாலு நாள் வீட்டிலேயே இருங்க" என்று சொல்கிறார்கள். அந்தப் பதினாலு நாள் கூலி? கோயம்பேடு மார்க்கெட்டில் 2020 ஏப்ரல் கடைசியில் தொற்று பரவி, மே 5ல் மூடியபோது, வேலை போன தொழிலாளர்கள் லாரி பிடித்துச் சொந்த ஊர் போனார்கள். அடுத்த சில நாட்களில் கடலூர், அரியலூர், விழுப்புரம் எண்ணிக்கைகள் ஏறின. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அறை வாடகையும் சாப்பாடும் யார் தருவார்? ரேஷன் கடையில் 2020ல் ஆயிரம் ரூபாயும் 2021ல் இரண்டு தவணையாக நாலாயிரமும் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான நிவாரணம். தனிமையில் இருக்கச் சொன்ன ஆளுக்கு, அந்த நாட்களுக்கு, அவர் கணக்கில் கூலி விழும் ஏற்பாடு வேறு. பரிசோதனைக்குப் போனால் கூலி போகும் என்று தெரிந்தால் காய்ச்சலை மறைப்பார்கள். மறைக்காமல் எப்படி இருப்பார்கள்?

அப்போ அந்த நூறு ரூபாய்?

என் கணக்கு இது. காப்பீட்டுத் தொகையை இப்போதிருக்கும் 5 லட்சத்தில் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் செலவாகும் நோய்கள் குறைவு, அவற்றைத் தனியாகப் பார்க்கலாம். நூறில் அறுபதை நேராக நகரத்து ஆரம்ப சுகாதாரத்துக்குக் கொடுப்பேன். மாலை ஓ.பி., அங்கேயே ரத்தப் பரிசோதனை, கிராமத்தில் இருப்பதுபோல் வார்டுக்கு வார்டு ஆள் தெரிந்த செவிலியர். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மகளிர் தன்னார்வலர்கள் பி.பி., சுகர் மாத்திரைகளோடு வீட்டுப்படி ஏறுகிறார்கள். எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை என்பது அவர்களுக்கு மனப்பாடம். கொரோனாவில் முதலில் பலியானவர்கள் இதே ஆட்கள்தானே. அடுத்த தொற்றில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் அவர்கள் நோட்டில் இருக்கிறது. அவர்களுக்கு ஊக்கத்தொகைக்குப் பதில் ஒழுங்கான சம்பளம் கொடுக்க அந்த அறுபதில் ஒரு பங்கு.

இருபது ரூபாய் கண்காணிப்புக்கும் ஆஸ்பத்திரிக்குள் தொற்றுத் தடுப்புக்கும். கொசு ஒழிப்பு ஆட்களை வருடம் முழுக்க வேலையில் வைப்பது, தனியார் லேப்களும் கிளினிக்குகளும் டெங்கு, எலிக்காய்ச்சல் முடிவுகளை அன்றன்றே அரசுக்கு அனுப்ப வைப்பது, புறநோயாளிப் பிரிவில் காய்ச்சல்காரர்களுக்குத் தனி வழி. இதில் பெரும்பகுதி ஆள் சம்பளம்தான், கட்டிடம் கேட்காது. பத்து ரூபாய் தனிமைக் கூலிக்கு ஒரு நிதியாகக் கிடக்கட்டும். தொற்று இல்லாத வருடத்தில் அது செலவாகாது. செலவாகாத நிதியைக் கண்டால் நிதித்துறைக்குக் கை நமநமக்கும் என்பதால் சட்டத்தில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும்.

மிச்சம் பத்து ரூபாய் தாய்லாந்திடம் கற்ற பாடத்துக்கு, அதாவது வாங்குபவராக அரசு முன்கூட்டியே பேரம் பேசுவதற்கு. காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு தனியார் ஆஸ்பத்திரியின் ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு வேண்டும். பொது சுகாதார அவசரநிலை அறிவித்தால் இத்தனை படுக்கை, இந்த விலை, கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எத்தனை காலி என்ற கணக்கு மணிக்கொருமுறை. இதைச் சாதாரண வருடத்தில், ஆஸ்பத்திரிகள் திட்டத்தில் சேர ஆசைப்படும்போது எழுதி வாங்கிவிட வேண்டும்.

இந்தப் பங்கீடு தமிழ்நாட்டுக்கு. கிராமத்திலேயே டாக்டர் இல்லாத மாநிலத்தில் அறுபது ரூபாய் நகரத்துக்குப் போகக்கூடாது, முதலில் கிராமத்து நிலையத்தின் கதவு திறக்க வேண்டும். ஏற்கெனவே வலுவான பஞ்சாயத்து ஆஸ்பத்திரிகள் உள்ள கேரளத்தில் தனியார் ஒப்பந்தத்துக்கு இன்னும் அதிகம் வைக்கலாம், அங்கே மக்கள் தனியாரிடம் போவது நம்மைவிட அதிகம். கார்டை நிறுத்திவிடச் சொல்கிறேனா என்று யாராவது கேட்டால், இல்லை. டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவரின் கார்டில் கைவைக்க எந்தக் காரணமும் போதாது. புதிதாக வரும் பணம் எங்கே போக வேண்டும் என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டேன்.